டைரக்ட் பண்ணிய படகு

போன வாரம் மகன் ஓட்டிய காரில் ஏறி உட்கார்ந்தேன். அவன் பெல்ட் போடவில்லை, வண்டியும் சத்தம் போடவில்லை. குனிந்து பார்த்தால், அலாரம் அடிக்காமல் இருக்க, பெல்ட்டை மாட்டும் இடத்தில் வெறும் கொக்கி ஒன்றைச் செருகி வைத்திருக்கிறான்.

“சும்மா கத்திக்கிட்டே இருக்குதுங்கம்மா. தலைவலி.”

பொங்கலூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கொக்கியைப் பிடுங்கிச் சோளக்காட்டுக்குள் வீசினேன். இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்றான். கோபம் அவன்மேல் பாதிதான். மீதி என் தாய்மாமன்மேல்.

மாமாவுக்கு நல்லூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி. மெசின் நான்கு. கிணற்றில் பழகிய நீச்சல் தெரியும். படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவர், பழைய மெசின் பார்க்கப் போன இடத்திலிருந்து, ஏதோ மலையூர் ஏரியில் ஓட்டிக் கழித்த ஒரு மோட்டார் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கு அப்போது எட்டு வயது.

“ஏனுங்ணா, இதைய எங்க கொண்டுபோயி ஓட்டுவீங்க? நொய்யல்லயா?” என்றாள் அம்மா.

“நொய்யல்ல உட்டா இன்னும் நல்லதாச்சு அம்முணி. சாயத்தண்ணி தெனமும் ஒரு கலர்ல வரும், பெயிண்டே அடிக்க வேண்டாம்.”

மூன்று மாதம் அந்தப் படகு மெசின்களுக்கு நடுவில் கிடந்து எல்லோருடைய உயிரையும் வாங்கியது. நூல் கோன் எடுக்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அடிப்பக்க ஓட்டைகளை அடைக்க ஃபைபர் விரிப்பு வாங்குங்கள் என்று பிசின் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். மாமா கேட்பாரா? பனியன் துணிதான் மலையாகக் கிடக்கிறதே என்று அதைப் பிசினில் நனைத்து ஒட்டினார். பின்னல் துணி இழுபடும் என்பது ஊருக்கே தெரியும், அதையே பின்னுகிற அவருக்கு மட்டும் மறந்துவிட்டது. ஒட்டியது காய்வதற்குள் தொப்பையாகத் தொங்கியது. சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டினார். அதுவும் தொங்கியது. மூன்றாம் முறைதான் விரிப்பு வாங்கினார், அதுவும் அம்மாவுக்குத் தெரியாமல்.

மோட்டாரைப் பிரித்து மாட்டியவர் நிட்டிங் மெசின் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருவரும் கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, சாயப்பவுடர் வந்த பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டி ஓட விட்டார்கள். அரை டிரம் தண்ணீர் நூல் கோன்கள்மேல் போய் விழுந்தது. ஆனால் மோட்டார் ஓடியது. ஓடி, நின்றது. மறுபடி ஓடி, மறுபடி நின்றது.

காரணம் ஒரு சிவப்புக் கயிறு. அதன் ஒரு முனை மோட்டாரில் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும். மறுமுனையை ஓட்டுகிறவர் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். கயிறு இழுபட்டால் மோட்டார் நின்றுவிடும். பழைய சுவிட்சு என்பதால் லேசாக அசைந்தாலே நின்றது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. நிட்டிங் மெசினில் நூல் அறுந்தால் தானாக நிறுத்த ஒரு சுவிட்சு இருக்கும். அவசர ஆர்டர் நேரத்தில் அது சும்மா சும்மா நிறுத்தித் தொல்லை கொடுத்தால், வயரை மாற்றி அதை வேலை செய்யாமல் ஆக்கிவிடுவார்கள். ‘டைரக்ட் பண்றது’ என்பார்கள். துணியில் ஓட்டை விழும், அவ்வளவுதான்.

“களட்டாதீங்க மொதலாளி. காரணமில்லாமலா வச்சிருப்பான்?” என்றார் ஃபிட்டர்.

“அட, நம்ம மெசினெல்லாம் டைரக்ட்லதான ஓடுது? என்ன ஆயிப்போச்சு? நிறுத்தோணும்னா பெட்ரோல அடைச்சாப் போதும்” என்று மாமா வயரைத் துண்டித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடுமலைப் பக்கம் நிறைந்து கிடந்த ஒரு குளத்தில் படகை இறக்கினோம். அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மாமா என்னைத் தூக்கி முன்பலகையில் உட்கார வைத்தார். மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. நடுக்குளம் வரை போய்த் திரும்பி, கரைக்கு அருகில் வந்ததும், அம்மா பார்க்கட்டும் என்று எழுந்து நின்று கையை ஆட்டினார்.

அடுத்த நொடி அவர் தண்ணீரில் இருந்தார்.

படகு நிற்கவில்லை. பிடிக்க ஆளில்லாத மோட்டார் ஒரு பக்கம் சாய்ந்துகொள்ள, படகு வட்டமடிக்க ஆரம்பித்தது, என்னை மட்டும் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மாமாவை நோக்கியே வந்தது. அவர் முங்குவார், நாங்கள் கடந்ததும் எழுவார், விளிம்பைப் பிடிக்கப் பாய்வார், தவறவிடுவார். கரையில் அம்மா ஏதோ கத்தினாள். “எந்திரிக்காதீங்க பாப்பா, உக்காருங்க” என்று ஃபிட்டர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கும்பிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பாடுபட்டுச் சரிசெய்த படகைப் பிடிக்க முடியாமல் ஒரு பெரிய மனிதர் திண்டாடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எத்தனை சுற்று என்று விரல்விட்டு எண்ணினேன். பத்துக்கு மேல் விரல் இல்லாததால் விட்டுவிட்டேன்.

கடைசியில் விளிம்பு அவர் கையில் சிக்கியது. கொஞ்ச தூரம் இழுபட்டு, ஏறி விழுந்து, பெட்ரோலை அடைத்தார். முழங்காலுக்குக் கீழே சதை பிளந்து ரத்தம் ஒழுகியது. மோட்டாரின் விசிறி பட்டிருந்தது.

“மாமா, நீங்க பத்து தடவ தோத்துட்டீங்க” என்றேன்.

அவர் படகுக்குள் மல்லாந்து கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஆமாஞ் சாமி, தோத்துட்டேன்” என்றார்.

அடுத்த வாரமே படகைக் கேட்டு வந்த முதல் ஆளுக்கு விற்றுவிட்டார். மெசின்கள் மட்டும் டைரக்டில்தான் ஓடின. அந்த மனிதரை என்ன சொல்வது? இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நானோ பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் எல்லோரிடமும், மாமாவுக்குப் படகின்மேல் எவ்வளவு ஆசை தெரியுமா, பிடிக்காமல் விடவே மாட்டேன் என்றார் என்று சொல்லிச் சிரித்தேன். அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் விழுந்த இடத்திலிருந்து கரை பத்தே கைவீச்சுத் தூரம்தான். ஒரு தடவைகூட அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதை நான் அன்று கவனிக்கவே இல்லை.