மீட்டரம்மாவின் போர்டு

மின்சுற்றுப் போர்டில் சிப்பின் ஒவ்வொரு கம்பிக்காலையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஈயத்தால் பற்றவைப்பார் மீட்டரம்மா. மொத்தம் நாற்பத்தெட்டுக் கால்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூல் நுழையும், ஊசி நுழையாது. பத்துக் கால் முடிவதற்குள் மேஜையின் மறுபக்கத்திலிருந்து குரல் வரும்: "இந்தா, மூச்ச விடு. அது எங்கயும் ஓடிடாது."

குரல் கணவருடையது. அவர் தையற்காரர். வீட்டில் இருப்பது ஒரே மேஜை என்பதால் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் துணி, இந்தப் பக்கம் ஈயப்புகை. குண்டூசி கோட்டைத் தாண்டி வந்தால் வீட்டில் சண்டை நிச்சயம்.

மீட்டரம்மா என்பது மருத்துவமனையில் இவருக்கு வைத்த பெயர். இருபத்தாறு வருடமாகக் கருவிகளைப் பழுதுபார்க்கிறார். எந்தக் கருவியானாலும், "என்ன செய்யுது உனக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைக் கழற்றுவார். "என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்காளா?" என்பது தையற்காரரின் நெடுநாள் புகார்.

இந்தப் போர்டு பிறந்தது ஒரு நர்ஸுக்காக. குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் இரண்டு முறை தானாக அணைந்தது. இரண்டு முறையும் காலை டூட்டியில் இருந்தது அதே நர்ஸ். 'கை பட்டு அணைந்திருக்கும்' என்று எழுதி அவள் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். மூன்றாவது முறை நடந்தால் வேலை போகும்.

மீட்டரம்மா வார்மரைப் பிரித்து மேய்ந்தார். ஒரு குறையும் இல்லை. பிளக்கிலும் மின்சாரம் ஒழுங்காகவே வந்தது. "கண்ணு சிமிட்டுறதுக்குள்ள எதுவோ வந்துட்டுப் போகுது. என் மீட்டர் ஆமை, அதுக்குத் தெரியாது" என்றார். வேகமான கருவி வேண்டும் என்று கேட்டதற்கு, "பழுதே இல்லாத மெஷினுக்கு எதுக்கும்மா?" என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். சரி, நாமே கட்டிக்கொள்வோம் என்று இறங்கிவிட்டார். ஒரு நொடிக்கு நாலு கோடி முறை மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக எழுதிவைக்கும் போர்டு.

போர்டின் வரைபடத்தை வழவழத்தாளில் அச்சிட்டு, அந்த மை சூட்டில் ஒட்டிக்கொள்ளும்படி செப்புத்தகட்டின் மேல் தேய்க்க இஸ்திரிப்பெட்டி வேண்டியிருந்தது. தையற்காரர் மறுப்பில்லாமல் கொடுத்தார். மறுநாள் யாரோ ஒருவரின் கல்யாணச் சட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மனிதர் அதை மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்தார்.

முதல் போர்டு சொதப்பியது. பிளக்கில் மாட்டாமலே, போர்டை இணைத்த கணினித் திரை முழுக்கப் புல் முளைத்தது போல இரைச்சல் கோடுகள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவரிடம், லென்ஸ் வழியாகப் பார்த்த தையற்காரர் கேட்டார்: "இந்த ரெண்டு கோடும் இவ்ளோ தூரம் ஒட்டிக்கிட்டே ஓடுதே, ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேக்காதா?"

மீட்டரம்மா லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார். கேட்கும்தான். சிப்புக்குத் தாளம் போடும் கோடு, அளக்க வேண்டிய மின்சாரம் வரும் கோட்டை ஒட்டியே ஓடியிருந்தது. அழித்து முதலிலிருந்து வரைந்தார். அளக்கும் பகுதி இந்த ஓரம், எண்ணும் பகுதி அந்த ஓரம். "ஒரே வீடு, ரெண்டு அடுப்பு. இனிமே சண்டை வராது" என்றார் நர்ஸிடம். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

இரண்டாவது போர்டு வார்மரின் பிளக்கருகே மூன்று நாள் சும்மா கிடந்தது. நான்காம் நாள் காலை வார்மர் அணைந்தது. நல்லவேளை, குழந்தை அப்போது நர்ஸின் இரண்டு கைகளிலும் பத்திரமாக இருந்தது. திரையில் ஊசி போல ஒரே ஒரு கோடு எழும்பி நின்றது. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே லைனில் வேறென்ன ஓடுகிறது என்று தேடிக் கீழ்த்தளத்துச் சலவை அறைக்கு ஓடினார் மீட்டரம்மா. வாய் முட்டத் துணி அடைத்த பெரிய மெஷின் அப்போதுதான் நின்றிருந்தது. அதே சுமையோடு மறுபடி ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். மேலே திரையில் அதே ஊசி.

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதென்னம்மா, குச்சி மாதிரி?"

"கரண்ட்டுங்க ஐயா. சலவை மெஷின் முழுச் சுமையோட ஓடி நிக்கும்போது எகிறிக் குதிக்குது. காலையில மட்டுந்தான் அது ஓடும், இந்தப் பொண்ணுக்கும் காலை டூட்டி. ஒரு செகண்டைப் பத்து லட்சமா நறுக்கினா அதுல ரெண்டு துண்டு, அவ்ளோதான் இது இருந்த நேரம். எந்த மனுஷக் கைக்குங்க இவ்ளோ வேகம்?"

 அவர் அன்றே கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சலவை மெஷினுக்குத் தனி லைன் இழுக்கவும் உத்தரவு போட்டார்.

மறுநாள் புதிதாக வரப்போகும் ஒரு குழந்தைக்காக வார்மரைச் சூடேற்ற வேண்டியிருந்தது. கடிதம் வந்த நாளிலிருந்து நர்ஸ் எந்த சுவிட்சையும் தொடுவதில்லை; யாரையாவது கூப்பிடுவாள். "அக்கா, நீங்களே போட்டுடுங்களேன்" என்றாள்.  மீட்டரம்மா அவள் கையைப் பிடித்து, விரலை சுவிட்சின் மேல் வைத்துவிட்டு, தன் கையை எடுத்துக்கொண்டார்.