கால் விரல்களைப் பார்த்தவர்

ஹட்டனில் நாங்கள் படித்த மசாஜ் பயிற்சி வகுப்புக்கு அரசாங்க அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்க, கொழும்பிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். ஒரு மாணவியின் வேலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். வகுப்பிலிருந்து அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புக்கு மேல் வரும் ஓ.எல். பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். தோற்றுவிட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

அம்மையாருக்குக் குட்டையான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. என் கைகளை அவர் பார்க்கவே இல்லை. கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவரின் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படுத்திருந்தது எங்கள் லயத்து அத்தை ஒருவர். கொழுந்துக் கூடை இழுத்து இழுத்துக் கல்லாகிப்போன கழுத்து. பாடத்தில் சொன்னபடி கேட்டேன்.

"அத்தை, வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"பத்து!" என்றார் உரக்க.

பத்து என்றால் தாங்க முடியாத வலி. பதறிக் கையை எடுத்துவிட்டேன்.

"அவ்வளவு வலிக்குதாம்மா?" என்று அம்மையார் கேட்டார்.

"வலியா? சொகமா இருக்குங்க. புள்ள பாஸாகணும்ல, அதான் முழு மார்க்கும் போட்டேன்."

அம்மையார் குலுங்கிச் சிரித்தார். "வலிச்சா கால் வெரல் மடங்கும். ஒண்ணுகூட மடங்கலையே, அப்பவே நெனைச்சேன்" என்று படிவத்தில் சரி போட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அவரே கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"வேன்ல வந்த கழுத்து. கொஞ்சம் பாருங்க."

அழுத்தினேன். "வலிக்குதா மேடம்?"

"இல்லவே இல்ல."

அவருடைய கால் விரல்கள் பத்தும் மடங்கியிருந்தன. அடுத்தவர் விரல்களையே பார்த்துப் பழகியவர், தன்னுடையவற்றை மறந்துவிட்டார் போலும். அழுத்தத்தைக் குறைத்தேன்.