வாசலில் போட்ட நாற்காலி

அன்னூர் நூலகத்தில் இன்று யாரோ நாற்காலியை இழுத்தார்கள். என் முதுகுத் தழும்பு சுரீரென்றது.

ஐந்தாவதோடு என் படிப்பை நிறுத்திய அப்பா, நான் ஒளிந்து இங்கே வருவதைக் கண்டுபிடித்து, மாட்டுச் சாட்டையால் தெருவெல்லாம் விளாசினார். ரத்தம் ஒழுக உள்ளே ஓடி மேசைக்கடியில் புகுந்தேன். நூலகரம்மா தன் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"என்ற புள்ளைய வெளிய உடுங்க! தோலை உரிச்சுப்போடுவேன்!"

"உள்ள வாங்க. சாட்டைய வெளிய வெச்சுப்போட்டு, இந்த வருகை நோட்டுல கையெழுத்துப் போடோணுமுங்க. உள்ள வர்ற எல்லாத்துக்கும் இதேதானுங்க."

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. நோட்டையே முறைத்தார். வாசற்படியைச் சாட்டையால் மாறி மாறி அடித்துவிட்டுப் போனார்.

வீட்டில் மிச்ச அடியையும் வாங்கினேன். மறுநாள் வீங்கிய விரல்களால் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இன்றும் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.