நோவுக்கு இட்ட எண்கள்

கல்முனையில் நான் இயன்மருத்துவராக வேலை செய்யும் கிளினிக்குக்கு முழங்கால் நோவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் மேற்படிப்பு ஆய்வுக்காக ஒவ்வொருவரிடமும் நோவு எப்படி என்று கேட்டேன். இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை, தாங்க முடியாது என்ற பதில்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் கொடுத்தேன். பிறகு ஆறு நிமிடம் நடக்கவைத்து, நடந்த தூரத்தை மீற்றரில் அளந்தேன். நோவு கூடக்கூடத் தூரம் குறையும் என்றுதான் எதிர்பார்த்தேன். இரண்டும் எந்தளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டக் கணினி தந்த இணைபுக் குணகமோ பூச்சியத்தை ஒட்டி நின்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அதற்குப் பொருள்.

"பெண்டுகள் சொல்ற நோவ நம்பேலா. இனிக் கேக்கத் தேவல்ல, நடைய மட்டும் அளங்க" என்றார் அதைப் பார்த்த கிளினிக்கின் பொறுப்பு வைத்தியர்.

அந்தக் கிழமை காரைதீவிலிருந்து என் தோழி தன் அம்மாவைக் கூட்டி வந்தாள். பள்ளியில் என்னோடு படித்தவள். இப்போது புள்ளிவிபரவியல் கற்பிக்கிறாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழுந்தார். நோவு எப்படி என்று கேட்டேன்.

"கொஞ்சந்தான் மகள்."

தோழி என்னைப் பார்த்தாள். தேத்தண்ணி குடிக்கும்போது என் கணக்கைக் காட்டினேன்.

"இதுக்கு எந்த இணைபு எடுத்த நீ?"

"எல்லாரும் எடுக்கிற நேர்கோட்டு இணைபுதான்."

"அது மீற்றருக்குச் சரி. கொஞ்சத்துக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள இடைவெளியும், கடுமைக்கும் தாங்க ஏலாததுக்கும் உள்ள இடைவெளியும் ஒண்டா? எது கூட, எது குறைய எண்டு மட்டுந்தான் உனக்குத் தெரியும். அப்ப வரிசையத்தான் பாக்கோணும்."

எல்லோரையும் நோவின்படி ஒரு வரிசையிலும் தூரத்தின்படி இன்னொரு வரிசையிலும் வைத்து ஒப்பிடும் தரவரிசை இணைபை எடுக்கச் சொன்னாள். பஸ் போய்விடும் என்று கடும் நோவோடும் ஓட்டமும் நடையுமாகப் போன ஒருவரின் தூரம், பழைய கணக்கைத் தன் பக்கம் இழுத்திருந்தது. தூர வரிசையில் அவர் முதலாமவர், அவ்வளவுதான்.

இப்போது தொடர்பு தெளிவாகத் தெரிந்தது: நோவு கூடக்கூடத் தூரம் குறைந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கும் நோவு உண்டா என்பது போன்ற, ஓம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளுக்கு வேறோர் அளவை உண்டென்று அதையும் சொல்லித் தந்தாள்.

பொறுப்பு வைத்தியர் முடிவை அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தார். "சரி, கேளுங்க" என்றார்.

இன்றும் கேட்கிறோம். அண்மையில் ஒரு தாய் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "நாங்க சொல்றத எழுதுறீங்களே, அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்" என்று எனக்காக வேண்டினார். அந்த துஆ என் தோழிக்கும் சேரட்டும் என்று நினைத்து ஆமீன் சொன்னேன்.