எர்மெலிண்டாவின் சுத்தபோசனம்

எர்மெலிண்டாவை எனக்குப் பிடிக்காது. பல வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

சாம்பல் புதனன்று நெற்றியில் இட்ட சாம்பலை அவள் மறுநாள்கூடக் கழுவமாட்டாள். எந்த வீட்டு அடுப்பில் மாட்டுக்கறி வேகிறது என்று மூக்கை நீட்டிக்கொண்டு தெருவில் நடப்பதுதான் அவளுடைய தவக்காலம். அவள் வீட்டில் மட்டும் நாற்பது நாளும் சுத்தபோசனம், இறைச்சியே ஆகாது. அதாவது, சிக்விரே. ஆற்றுச் சேற்றில் கிடக்கும் அந்தப் பிராணிக்கு நாலு கால் உண்டு, உடம்பெல்லாம் மயிர், குட்டிக்குப் பாலும் கொடுக்கும். ஆனால் நீந்துகிறதே, அதனால் அது மீன் என்று எங்கள் அப்பூரே சமவெளியில் பாட்டன் காலத்திலேயே முடிவாகிவிட்டது. நானும் தின்கிறவள்தான். தின்றுவிட்டு அதைத் தவம் என்று சொன்னதில்லை.

எர்மெலிண்டா சிக்விரே உப்புக்கண்டத்தை ஊறவைத்து, உலக்கையால் இடித்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் புரட்டி, வாழைக்காய் வறுவலோடு தட்டில் குவித்துக்கொள்வாள். பிறகு ஒரு பெருமூச்சு.

"ஆண்டவருக்காக என்னவெல்லாம் ஒறுத்தல் பண்ண வேண்டியிருக்கு, பாரு."

தட்டு காலியாகும்வரை அந்தப் பெருமூச்சு ஓயாது.

இந்த வருஷம் தவக்காலத்தின் நடுவில் அவள் மருமகள் யுராய்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. பெற்றவளுக்கு நாற்பது நாள் கோழிச்சாறு கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்கென்றே, வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு கோழிகளை வளர்த்திருந்தாள் அந்தப் பெண். எர்மெலிண்டா கூண்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பச்சை உடம்புக்கு சிக்விரே ஆகாது. ஆகவே யுராய்மாவுக்கு வெறும் சோளக்கஞ்சி. பால் வற்றியது. பிள்ளை கத்துவது என் சமையலறை வரை கேட்டது.

வேலியோரம் போய்க் கேட்டேன்.

"பிள்ளை பெத்தவளுக்கு விலக்கு உண்டுன்னு சாமியாரே பூசையில சொன்னாரே, அக்கா?"

"அவரு நேத்து வந்தவரு. அவருக்கு ஆண்டவரைப் பத்தி என்னடி தெரியும்? உயிர்ப்பு ஞாயிறு வரட்டும், கோழி எங்கேயும் ஓடிடாது."

பிள்ளையைப் பெற்ற அப்பன், அவள் மகன் எலியோடோரோ, பக்கத்திலேயே நின்றான். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அவனைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை முடித்து உறவெல்லாம் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். யுராய்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். சிக்விரே இடித்த அதே உலக்கையை எடுத்தாள். கொல்லைக்குப் போய்க் கூண்டின் பூட்டை ஒரே போடாகப் போட்டாள். கொழுத்த கோழியாகப் பார்த்துப் பிடித்துக் கழுத்தைத் திருகினாள்.

"பெரிய வெள்ளியில ரத்தமா! நரகத்துக்குத்தான்டி போவ!" என்று எர்மெலிண்டா அலறினாள். வாயில் சிக்விரே இருந்ததால் பாதிதான் புரிந்தது.

யுராய்மா இறகைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "போறேன், அத்தை. பிள்ளைக்குப் பால் குடுத்துட்டுப் போறேன்."

 நான் எழுந்து போய் உலை வைத்தேன். கோயிலில் அத்தனை வருஷம் முழங்காலில் நின்றபோதெல்லாம் வராத கண்ணீர் அந்த அடுப்படியில் எனக்கு வந்தது.

மறுநாள் எர்மெலிண்டா சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு நேரே என் வேலிக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அந்தக் கழுதை பண்ணினதை ஒண்ணு விடாம சொன்னேன். 'அது அவ பாவம், நீ உன் பாவத்தைச் சொல்லும்மா'ங்கறாரு!"

"சொன்னியா, அக்கா?"

"முட்டி நோக நோக யோசிச்சேன்டி. ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரல. எழுந்து வந்துட்டேன்."