கன்டெய்னர் கதவில் நான்கு வாக்கியங்கள்

நான் எழுதியவற்றில், வாசகர்கள் லாரி பிடித்து இரும்புக் கொக்கியோடு தேடி வந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். நான்கே நான்கு ஆங்கில வாக்கியங்கள்; ஒரு காலிக் கன்டெய்னரின் பச்சைக் கதவில் சாக்பீஸால் கிறுக்கியவை. அதற்குப் பிறகு எவ்வளவோ எழுதிவிட்டேன், ஒருவரும் கை ஓங்கியதில்லை. அன்று வந்தவர்களுக்கு முன்னால் நான் எப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள். நிற்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் ஆபீஸ் கிளார்க். சரக்கு ஏற்றி இறக்கும் செட்டுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். நாற்பது தாண்டியவர், தோள்பட்டை தேய்ந்து, கையைத் தூக்கினாலே முகம் கோணும். டாலி கிளார்க் வேலைக்கு உள்ளிருந்தே ஆள் எடுக்கக் கம்பெனி ஒரு பரீட்சை வைத்தது. சரக்கைத் தூக்காமல் உட்கார்ந்து சரிபார்க்கும் வேலை. வயது வரம்புப்படி மேஸ்திரிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தாளில் பாதி இங்கிலீஷ் இலக்கணம்: பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது, இது செய்தி வாக்கியமா, வினாவா, கட்டளையா, உணர்ச்சியா. சாப்பாட்டு வேளையில் நான் சொல்லித்தருகிறேன் என்று முன்வந்தேன். நாலு புத்தகம் படித்த திமிர். அதைக் காட்ட வேறு ஆளும் கிடைக்கவில்லை.

புத்தகத்திலிருந்த பசுவும் பாலும் மேஸ்திரியைத் தூங்க வைத்தன. "பசு பால் குட்த்தா எனக்கு இன்னா சார்?" என்பார். நியாயமான கேள்வி. எனவே அவர் ரத்தம் கொதிக்கும் விஷயத்துக்கு இறங்கினேன். எங்கள் கம்பெனிக்கே மணலியில் இன்னொரு யார்டு உண்டு. அங்கிருந்த மேஸ்திரிக்கும் இவருக்கும் பழைய பகை. அந்த ஆளின் பெயரைப் போட்டே எழுதினேன்: இன்னார் ஒரு கோழை. அவன் என்றைக்காவது மூட்டை தூக்கியிருக்கிறானா? அவன் காலை முறித்துப் போடு. அடேயப்பா, எப்படி ஓடுகிறான்! மேஸ்திரி நான்கையும் மடமடவென்று வகை பிரித்தார். பெயர்ச்சொல்லின் கீழே கோடு இழுத்தபோது சாக்பீஸ் நொறுங்கியது. பூரித்துப்போன நான் அழிக்க மறந்தேன். மறுநாள் காலை அந்தக் காலிப் பெட்டி டிரெய்லரில் ஏறி நேரே மணலிக்குப் போனது. அங்கே கேட்டில் கதவு நம்பரைக் குறிக்கும் கிளார்க் ஒரு பட்டதாரி. மொழிபெயர்ப்பில் குறை வைத்திருக்க மாட்டார்.

மதியம் பதினைந்து பேர் லாரியிலிருந்து குதித்தார்கள். "எவன்டா இங்க இங்கிலீஷு எய்துனவன்?" எங்கள் யார்டில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டிராத கேள்வி. நான் பக்கத்தில் திறந்திருந்த கன்டெய்னருக்குள் புகுந்து கதவை இழுத்துக்கொண்டேன். விரலளவு இடுக்கில், மேஸ்திரி சோற்றுக் கையை லுங்கியில் துடைத்தபடி முன்னால் வருவது தெரிந்தது. "நான்தான்டா எய்துனேன். இன்னான்ற இப்போ?" முதல் அடி அந்தத் தேய்ந்த தோளிலேயே விழுந்தது. அவர் ஒருவன் தாடையைப் பெயர்த்தார். இன்னொருவன் தலையைப் பிடித்து நான் ஒளிந்திருந்த கதவிலேயே மோதினார். உள்ளே நான் கோயில் மணிக்குள் மாட்டிய பல்லி போல அதிர்ந்தேன். அப்போதுதான் மணலி மேஸ்திரி கொக்கியை வீசினார். மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கி, எங்கள் மேஸ்திரியின் வலது உள்ளங்கையில் இறங்கிப் புறங்கை வழியாக எட்டிப் பார்த்தது. கொக்கியோடு சேர்த்து அவரைத் தரதரவென்று இழுத்தார்கள். மண்ணில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. அதைப் பிடுங்கியபோது அவர் போட்ட சத்தத்தை, நான் கற்றுத்தந்த நான்கு வகையில் எதிலும் இன்றுவரை சேர்க்க முடியவில்லை. ஆறு பேருக்குத் தையல். எனக்குச் சட்டையில் துரு.

ஆஸ்பத்திரியில், என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே என்றேன். "ஒன்ன காட்னா ஒரு அடி தாங்குவியா சார்?" என்றார். பத்து நாளில் பரீட்சை. இடது கையால் எழுதினார். அடிக்கோடிட வேண்டியதையெல்லாம் கோணலாகவேனும் முடித்தார்; கடிதம் எழுத வேண்டிய பக்கம் வெள்ளையாகவே போயிற்று. டாலி நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். மேஸ்திரி கேட்டில் வாட்ச்மேன் ஆனார்.

இப்போதும் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், முன்னால் நிற்கும் கதவில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். நம்பரும் துருவும்தான். போன மாதம் ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் மேஸ்திரியைப் பார்த்தேன். வலது கை விரல்கள் மடங்காததால் கிளாஸை இடது கையில் பிடித்திருந்தார். இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட மன்னிப்பை அங்கேயே கேட்டுவிட்டேன். அவர் டீயை ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார்.

"அடி வாங்குனதுலாம் வுடு சார். அவ்ளோ கலீஜான கையெய்த்த போயி என்னுதுன்னு ஒத்துகினேன் பாரு, அதான் இன்னும் பேஜாரா கீது."