அவரை டப்பாவில் யார் பேர்

கோட்டைமேட்டு உம்மல் குல்சுமுக்கு வயிற்றெரிச்சல் வந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவால். அந்த டப்பா இருந்தது கிளை நூலகத்தில். அதன்மேல் ஒட்டியிருந்த பேர், ‘அமலி அவரை’.

நூலகத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கொத்தி வாசகர் வட்டத்தார் காய்கறி போட்டிருந்தார்கள். நூலகர் யுவஸ்ரீ ஒரு அலமாரியையே காலி செய்து விதை டப்பாக்களை அடுக்கிவிட்டாள். புத்தகம் இரவல் எடுப்பது போலத்தான். ஒரு பிடி விதை எடுத்துப் போகலாம், காய்த்து முற்றியதும் இரண்டு பிடியாகக் கொண்டுவந்து போட வேண்டும்.

அந்த அவரை குல்சுமின் அம்மா வீட்டு அவரை. பட்டையாக, ஓரத்தில் மருதாணி வைத்தது போலச் சிவந்திருக்கும். தாய்மாமன் மகன் அப்துல் கையூமைக் கட்டிக்கொண்டு பவானியிலிருந்து கோவைக்கு வந்தபோது, குல்சும் அந்த விதையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தாள். மூன்று வாடகை வீடு மாறினாள். பிள்ளைகளைப் பெற்றாள், மருமகள்களை எடுத்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளியில் அவரை படர்ந்தது. அப்துல் கையூமுக்குப் பூட்டுக் கடை. மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் அவருக்கு முழங்கால் வலிக்கும்.

அமலி பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் தாமஸின் மனைவி. போன வருசம் குல்சும் வீட்டு அவரைப் பொரியலைத் தின்றுவிட்டு, “அக்கா, எனக்கும் ரெண்டு விதை குடுங்க” என்றாள். குல்சும் கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். நூலகத்தில் விதை சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, ‘நம்மகிட்டத்தான் முதலில் வருவார்கள்’ என்று குல்சும் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அமலி காத்திருக்கவில்லை, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாத்தனார் மகள் ரம்ஷா ஒரு நாள் மஞ்சள் பை நிறையக் காயோடு வந்து நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“மாமி, இது அமலி அவரைங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. லைப்ரரில விதை வாங்கிப் போட்டேன். புளிக்கொழம்புல போட்டுப் பாருங்க, அப்படி ஒரு ருசி!”

குல்சும் பையை வாங்கி வைத்தாள். காயை ஆக்கவில்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நேரே நூலகத்துக்கு நடந்தாள்.

“வாங்கம்மா, உக்காருங்க” என்றாள் யுவஸ்ரீ.

“உக்கார வரலீங்க கண்ணு. அந்த டப்பாவுல இருக்கற பேரு தப்பு. அது எங்கம்மா ஊட்டு அவரை.”

பின்பக்கம் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அமலி ஈரக் கையோடு உள்ளே வந்தாள்.

“ஆமாங்க, அக்கா குடுத்ததுதான். எம்பேரு வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னனே யுவஸ்ரீ?”

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்த குல்சுமுக்கு இது ஏமாற்றமாகப் போய்விட்டது. சண்டை போடாத எதிரியை என்ன செய்வது?

“மாத்திர்லாங்கம்மா” என்று யுவஸ்ரீ பேனாவை எடுத்தாள். “உங்கம்மா இதுக்கு என்ன பேரு சொல்லுவாங்க?”

குல்சும் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

பவானியில் அந்த அவரைக்குச் சென்னியம்மா அவரை என்று பேர். எதிர் வீட்டில் ஜமக்காளத் தறி போட்டிருந்த சென்னியம்மாள், குல்சுமின் அண்ணன் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கொடுத்த விதை அது. அந்தத் தெருவில் விதைக்குத் தனிப் பேர் கிடையாது, கொடுத்தவர் பேர்தான். ஒவ்வொரு காய்ப்புக்கும் அம்மா முணுமுணுப்பாள்: “தண்ணி ஊத்தறது நானு. காய்க்கறது அவ பேரு.”

‘குல்சும் அவரை’ என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. ஆனால் அம்மாவின் அந்த முணுமுணுப்பு காதுக்குள் கேட்டது. அதோடு ஒரு கணக்கும் தோன்றியது. அமலி பேர் இருப்பதற்குச் சென்னியம்மாள் பேர் எவ்வளவோ மேல்.

“சென்னியம்மா அவரை” என்றாள்.

யுவஸ்ரீ புதுச் சீட்டு எழுதி ஒட்டினாள். கீழே சின்னதாக, ‘தந்தவர்: அமலி’.

“இன்னும் எதுக்கு இவ பேரு?”

“இதுல இருக்கற விதை அவங்க குடுத்ததுங்கம்மா. நீங்களும் குடுங்க, உங்க பேரும் போட்டுர்லாம்.”

மறுநாள் குல்சும் மாடியில் முற்றிக் காய்ந்த நெற்று ஒன்று விடாமல் பறித்து உரித்து, தூக்குப்போசியில் கொண்டுவந்தாள். பேப்பர் படிக்க அப்துல் கையூமும் கூடவே வந்தார். போசியை டப்பாவில் கவிழ்த்ததும் எது அமலி விதை, எது குல்சும் விதை என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோயின.

“எம்பேர மேல போடு கண்ணு.”

யுவஸ்ரீ தயங்கினாள். “இங்க எல்லாமே அகர வரிசைங்கம்மா. அமலிக்கு ‘அ’ முன்னால, உம்மல் குல்சுமுக்கு ‘உ’ பின்னால.”

அமலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்துல் கையூமின் குரல் வந்தது. “அப்படின்னா எம்பேரப் போட்டுரும்மா. அப்துல் கையூம். அமலிக்கு மேல வந்துரும்.”

யுவஸ்ரீ விரல் மடக்கிப் பார்த்தாள். “ஆமாங்க, ரெண்டாவது எழுத்துல ‘ப’ முதல்ல, ‘ம’ அப்புறம். சரியா வருது!”

அமலியின் சிரிப்பு நின்றது. அதைப் பார்க்கக் குல்சுமுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு கணம்தான். திரும்பிப் புருசனைப் பார்த்தாள். மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தன் பேர் ஏறப்போகும் டப்பாவை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அமலிமேல் இத்தனை நாளும் எரிந்ததெல்லாம் அப்படியே அவர்மேல் தாவியது.

“ஏனுங்க, ஒரு நாளாச்சும் மாடி ஏறி ஒரு செம்புத் தண்ணி ஊத்தியிருப்பீங்களா? பொரியல் ஆனதும் தட்ட நீட்டத்தான் தெரியும். இப்பப் பேரு வேணுமா பேரு?”

“உனக்கு ஒத்தாசையாத்தானே…”

“ஒத்தாசையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.” யுவஸ்ரீ பக்கம் திரும்பினாள். “எம்பேரையே போடு கண்ணு. கீழயே இருக்கட்டும்.”

யுவஸ்ரீ எழுதத் தொடங்கினாள். குல்சும் குனிந்து அவள் காதருகே சொன்னாள்:

“கொஞ்சம் பெருசா எழுது.”